பழம்தானே

ஏப்ரல் 21, திங்கள்

இதை டைரி என்று சொல்ல எனக்கே சிரிப்பு வருகிறது. தையல் வகுப்புக்காக வாங்கிய நூறு பக்க நோட்டு. முதல் பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பெண்களின் ஹெம்மிங் மதிப்பெண் இருக்கிறது. கிழிக்க மனம் வராமல் அடுத்த பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

எழுதச் சொன்னது ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகராக இருக்கும் பெனிட்டா மேடம். "வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் எழுதுங்க வளர்மதி. மனசுல போறதயும் எழுதினா தப்பில்ல" என்றார். வயது முப்பதுகூட இருக்காது. இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்டவளை அந்தப் பெண் உட்கார வைத்துக் கேட்டாள். ஒரு தாளைக் கையில் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். காய்கறி, பழம் நிறையச் சேர்த்துக்கொள்ளவும் என்று தொடங்கியது. அதற்குக் கீழே ஏதேதோ பொடி எழுத்து.

விஷயம் இதுதான். என் தம்பி மதிவாணனுக்கு இரண்டு கிட்னியும் பழுதாகிப் பதினான்கு மாதம் ஆகிறது. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். அவன் மனைவி ரேணுகாவின் ரத்த வகை சேரவில்லை. அம்மா, அப்பா போய்விட்டார்கள். என்னுடையது எல்லா வகையிலும் பொருந்துகிறது, எடையைத் தவிர. 79.2 கிலோ. 74க்கு வந்தால்தான் கத்தி வைப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜூன் 9ஆம் தேதி திரும்பப் பார்ப்பார்கள். ஏழு வாரம், ஐந்து கிலோ. வந்துவிட்டால் ஜூன் கடைசியிலேயே ஆபரேஷன்.

இவர் கூடவே இருந்தார். என் வீட்டுக்காரர் அருணகிரி, சேலம் மண்டிக்காரர், முப்பது வருஷமாக மாம்பழத்துக்கு நடுவில் வாழ்கிறவர். கணவர் சம்மதம் என்று போட்டிருந்த இடத்தில் பேனாவை வாங்கி உடனே கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வீட்டில் இது நடக்கும்? அந்த உணவுத் தாளையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இனி உன் சாப்பாட்டு டிப்பார்ட்மென்ட் என்னுது. நீ ஒண்ணும் யோசிக்காத வளரு." ஞாயிறுதோறும் நோட்டைப் படம் எடுத்து மேடத்துக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். அதையும் தானே செய்வதாகச் சொல்லிவிட்டார்.

இரவு: வெள்ளரிக்காய், கேரட், இரண்டு வாழைப்பழம். சோறு இல்லை. பசி இருக்கிறது, பெருமையும் இருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலை: பப்பாளி ஒரு கிண்ணம், வாழைப்பழம் இரண்டு.
மதியம்: பீன்ஸ் பொரியல், முட்டைக்கோஸ்.
மாலை: மாம்பழம் இரண்டு.
இரவு: சுரைக்காய்க் கூட்டு.

மாம்பழத்தைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும். மண்டிக்காரர் வீட்டுக்கு வருவது எப்போதும் அடிபட்ட பழம்தான். நல்ல பழம் விற்பதற்கு, நசுங்கியது பெண்டாட்டிக்கு. கல்யாணமான நாளிலிருந்து அழுகல் பக்கத்தைச் சீவிவிட்டு மிச்சத்தைத் தின்றே பழகியவள் நான். இன்று இவர் கொண்டுவந்தது முதல் தரம். இமாம் பசந்த், ஒரு கீறல் இல்லை. காம்புப் பக்கம் மோந்து பார்த்துத் தானே பொறுக்கினாராம். கதுப்புக் கதுப்பாக அறுத்துத் தட்டில் அடுக்கி நீட்டினார்.

"இது நம்ம வீட்டுக்கா? அட்ரஸ் மாறி வந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பெரிய காரியம் பண்ணப் போறவ. இனி உனக்கு முதல் தரந்தான்" என்றார்.

ஏப்ரல் 24, வியாழன்

டயாலிசிஸ் வார்டில் மதியோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் கையில் இரண்டு குழாய். ஒன்றில் ரத்தம் போகிறது, ஒன்றில் வருகிறது. பார்க்கப் பழகிவிட்டது என்று நினைத்தேன், பழகவில்லை.

அவன் சாப்பாட்டைக் கேட்டால் என் பத்தியம் கல்யாண விருந்து. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதற்குள் காபியும் அடக்கம். காய்கறியை ரேணுகா நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி சமைக்கிறாள். பழத்தில் ஆப்பிள் இரண்டு துண்டு. மாம்பழம், வாழைப்பழம், பலா, இளநீர் எல்லாம் அவனுக்கு விஷம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்கிறார்கள். எந்தப் பழத்தில் எது எவ்வளவு என்று அவன் பட்டியலாக ஒப்பிக்கிறான். ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன் இப்போது பழக்கடை வாத்தியார்.

என் பையில் டப்பா இருந்தது. மாலைக்கு என்று இவர் அறுத்துக் கொடுத்த மாம்பழம். மூடியைத் திறக்காமலே அவன் கண்டுபிடித்துவிட்டான்.

"இமாம் பசந்தா அக்கா?"

"ஆமான்டா. வீட்டுல போய்த் தின்னுக்கறேன்."

"இங்கியே தின்னு. வாசனையாச்சும் வரட்டும்."

சின்ன வயதில் கொட்டைக்காக என்னோடு சண்டை போட்டவன். நான் தின்றேன், அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இவனுக்காக மலையைக்கூட விழுங்கலாம் என்று தோன்றியது.

ஏப்ரல் 27, ஞாயிறு

78.5!

எழுநூறு கிராம் குறைந்திருக்கிறது. எடை எந்திரத்திலிருந்து இறங்கி ஏறி மூன்று தடவை பார்த்தேன். இவரிடம் ஓடிப்போய்ச் சொன்னதும் "அப்படியா" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சந்தோஷத்தைக் காட்டத் தெரியாத மனிதர்.

நோட்டைப் படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பிவிட்டாராம். எனக்கு இந்தப் படம் எடுத்து அனுப்புகிற வேலையெல்லாம் ஒத்துவராது. இன்று தலைமை ஆசிரியை மகளுக்கு ரவிக்கைக் கழுத்து டிசைன் பதினோரு படம் அனுப்பினேன். பானைக் கழுத்தா, படகுக் கழுத்தா என்று மதியம் முழுக்க அதே பேச்சு.

மே 2, வெள்ளி

காலை: மாம்பழ ஜூஸ் பெரிய டம்ளர் இரண்டு (சர்க்கரை கிடையாது), சப்போட்டா நான்கு.
பதினோரு மணி: இளநீர், வழுக்கையோடு.
மதியம்: உருளைக்கிழங்கு வறுவல், சேனை வறுவல், கேரட்.
மாலை: பலாச்சுளை பன்னிரண்டு. பன்னிரண்டு என்றுதான் நினைக்கிறேன்.
இரவு: வாழைக்காய் வறுவல், மாம்பழம் மூன்று.

சோறு இல்லை, இட்லி இல்லை, கறி இல்லை, இனிப்பு இல்லை. வறுக்கும் எண்ணெயைப் பற்றித் தாளில் ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. தாள் இவரிடம் இருக்கிறது. கேட்க வேண்டும்.

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. காலையில் நடக்கலாம் என்று செருப்பை மாட்டினேன். "சேலம் வெயில்ல மயங்கி விழுந்தா ஆபரேஷன் தள்ளிப் போயிடும். வூட்டுல இரு" என்றார். அதுவும் சரிதான்.

மே 4, ஞாயிறு

79.4. எந்திரம் கெட்டுவிட்டது.

மே 5, திங்கள்

எந்திரம் கெடவில்லை. பக்கத்து மளிகைக்கடைக்குத் தூக்கிப்போய்ச் சர்க்கரை மூட்டையை ஏற்றிப் பார்த்தேன், இருபத்தைந்து கிலோ என்று சரியாகக் காட்டுகிறது. நான் ஏறினால் மட்டும் புளுகுகிறது.

"பழத்துல என்னங்க எடை ஏறப்போவுது?" என்று இவரைக் கேட்டேன்.

"பழம்தானே. மாட்டுக்குப் புல்லு மாதிரி. எவ்வளவு தின்னாலும் தண்ணியாப் போயிடும்."

"மேடம் என்ன சொன்னாங்க?"

"அது உடம்புல தேங்குற நீராம். ரெண்டு வாரத்துல வடிஞ்சுடுமாம். இப்பிடியே போகட்டும்னாங்க."

மேடத்துக்குப் பதில் சொல்லி ஒரு கும்பிடு போட்ட படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பிவிட்டேன் என்றார்.

மே 9, வெள்ளி

80.1. எழுத ஒன்றுமில்லை.

மே 13, செவ்வாய்

எனக்குத் துரோகம் செய்வது யார் என்று உட்கார்ந்து யோசித்தேன். என் உடம்புதான். இவ்வளவு வருஷம் சோறு போட்டு வளர்த்தேன், நகையும் புடவையும் போட்டு அழகு பார்த்தேன். இப்போது தம்பிக்கு ஒரு துண்டு கேட்டால் மாட்டேன் என்கிறது. சரவெடி மாதிரிக் கோபம் வருகிறது. கோபம் வந்தால் பசிக்கிறது. பசித்தால் பழம் இருக்கிறது. இன்று மல்கோவா. ஒன்றே அரைக் கிலோ இருக்கும். இரண்டு.

வீடு முழுக்க வாசனை. அடிபட்ட பழம் ஒன்றைக்கூட இந்த மூன்று வாரத்தில் நான் பார்க்கவில்லை.

மே 15, வியாழன்

மதிக்கு மூச்சுத் திணறல். நேற்றே சேர்த்துவிட்டார்கள். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதாம். கையில் ஊசி போடும் ரத்தக்குழாயும் சரியாக ஓடவில்லை, கழுத்தில் குழாய் போட்டிருக்கிறார்கள். அவன் தலையணையில் சாய்ந்து, வார்த்தைக்கு வார்த்தை நிறுத்திப் பேசினான்.

"எவ்வளவுக்கா ஆச்சு?"

எண்பதைத் தாண்டிவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. "குறைஞ்சுட்டுத்தான்டா வருது. மெதுவா" என்றேன்.

"என்ன சாப்புடற?"

அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்? சோறு தொடுவதில்லை, பழமும் காயும் மட்டும்தான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாம்பழம், பலா, சப்போட்டா, இளநீர், சேனை வறுவல். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு ரேணுகாவைப் பார்த்தான். ரேணுகா ஜன்னலைப் பார்த்தாள்.

"நல்லா சாப்புடு அக்கா" என்றான்.

நோயாளிக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு. வழி முழுக்க அழுதுகொண்டே வந்தேன்.

மே 20, செவ்வாய்

ரவிக்கை பற்றவில்லை. நான் தைத்தது, என் அளவுக்கு நான் தைத்தது. உள் தையலைப் பிரித்து இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டேன். டேப் வைத்துப் பார்த்தேன். டேப் புளுகாது. தையல்காரிக்கு அது தெரியும்.

இன்று முதல் பழமும் வேண்டாம், மோர் மட்டும் குடிக்கிறேன் என்றேன். இவர் பதறிவிட்டார். "பட்டினி கெடந்தா சத்துப் போயிடும். உன்னோட கிட்னியும் கெட்டுடும். அப்புறம் யாருக்குக் குடுப்ப?" தட்டில் நடுசாலை மாம்பழம் ஆறு கதுப்பு. ஒரு கதுப்பைத் தானே எடுத்து வாயில் வைத்தார். புதுப் பெண்டாட்டிக்குக்கூட இப்படி ஊட்டியதில்லை. மறுக்க முடியவில்லை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் சில சமயம் என்னையே குழந்தை ஆக்கிவிடுகிறார்.

மே 26, திங்கள்

மேடத்தின் எண் மருந்துச்சீட்டின் மேலேயே இருக்கிறது. போனைக் கையில் எடுத்தேன். பத்து எண்ணில் ஏழு அழுத்தினேன். பிறகு அவர் வேலையாக இருப்பார் என்று வைத்துவிட்டேன். இவர்தான் வாரா வாரம் பேசுகிறாரே.

மதியம் தூங்கிப்போனேன். ஒரு கனவு. மேஜையில் படுக்க வைத்து என் இடுப்பில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுகிறார்கள், நான் துணிக்குப் போடுவது மாதிரி. கத்தரிக்கோல் என் கத்தரிக்கோல். விழித்ததும் வாய் உலர்ந்திருந்தது. ஒரு மாம்பழம்.

ஜூன் 1, ஞாயிறு

81.0. நாளை பள்ளி திறக்கிறது. புடவையை இன்னும் ஒரு சுற்று இறக்கிக் கட்ட வேண்டும்.

ஜூன் 9, திங்கள். மாலை

எழுத்து கோணல். இருந்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

காலையில் இவர் மண்டிக்கு அவசரமாகப் போக வேண்டும் என்றார். தனியாகப் போனேன். ஆஸ்பத்திரி எந்திரம் 81.4 காட்டியது. டாக்டர் கோப்பைப் புரட்டிவிட்டு, "இன்னும் மூணு மாசம் பாக்கலாம்மா" என்றார். அவருக்கு மூன்று மாதம் என்பது மூன்று சொல். மதியின் கழுத்துக் குழாயை அவர் பார்க்கவில்லையா?

பிறகு பெனிட்டா மேடம். போனதும் நானே பேச்சைத் தொடங்கினேன்.

"மேடம், நீங்க சொன்னபடியே இருந்தேங்க. தேங்குற நீரு வடியவே இல்ல."

"என்ன நீரு?"

"எங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்க சொன்னீங்களே. போட்டோ பாத்துட்டு."

அவர் போனைத் திறந்து என் முன்னால் வைத்தார். என் வீட்டுக்காரர் எண்ணைத் தேடிக் காட்டினார். முதல் நாள் இவர் அனுப்பிய வணக்கம் ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு நீளமாக வெற்றிடம். எங்கள் பக்கத்திலிருந்து ஒரு படம் வரவில்லை. மேடம்தான் நான்கு முறை கேட்டிருக்கிறார். நோட்டு அனுப்பலையே, வளர்மதி எப்படி இருக்காங்க, எடை என்ன, ஒரு தடவை போன் பண்ணச் சொல்லுங்க. நான்கும் வாசிக்கப்பட்டிருந்தன. நீல டிக்.

மேடம் என் நோட்டை வாங்கிப் புரட்டினார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பழம் நல்லதுதாங்க. ஆனா அளவுன்னு ஒண்ணு இருக்குதுல்ல? மூணு மாம்பழமும் பன்னெண்டு சுளையும் ஜூஸும் சேந்தா ரெண்டு ஆள் சாப்பாட்டுக்கு மேல வந்துடும். கெழங்க எண்ணெயில வறுத்தா அது காய்கறிக் கணக்குல வராது." அலமாரியிலிருந்து இன்னொரு தாளை எடுத்து என் முன் வைத்தார். "இதேதான் அன்னைக்குக் குடுத்தேன்."

தாளில் அந்த முதல் வரிக்குக் கீழே இருந்தது இது. பழம் ஒரு நாளைக்கு இரண்டு கையளவு. மாம்பழம் என்றால் ஒரு கதுப்பு. பலா, சப்போட்டா, வாழைப்பழம் கூடாது. ஜூஸ் எதுவும் கூடாது. கிழங்கு கூடாது. தினம் முக்கால் மணி நேரம் நடை. மாம்பழம் என்ற சொல்லின் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு.

வீட்டுக்கு வந்தபோது இவர் கூடத்தில் இருந்தார். மண்டிக்குப் போகவே இல்லை. தாளை அவர் மடியில் போட்டேன்.

"படிச்சீங்களா இத?"

தாளை நான்காக மடித்தார்.

"மொத நாளே படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"படிச்சுட்டுத்தான் எனக்கு அறுத்து அறுத்துப் போட்டீங்களா?"

"முப்பது வருசம் மண்டியில இருக்கேன் வளரு. எந்தப் பழத்துல எவ்வளவு இனிப்புன்னு எனக்குத் தாளு பாத்தா தெரியணும்?"

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. சத்தியமாக. பக்கத்தில் பழத்தட்டு இருந்தது, அதைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு டம்ளரைக்கூட உடைத்ததில்லை நான்.

"வேணாம்னா கையெழுத்துப் போடும்போதே வேணாம்னு சொல்லியிருக்கலாமே! ஆஸ்பத்திரியில எல்லார் முன்னாடியும் பெரிய மனுசன் மாதிரிப் போட்டீங்களே!"

"சொன்னா நீ என்னை மனுசனா மதிப்பியா? உன் தம்பிய நாந்தான் கொன்னேன்னு காலம் பூரா சொல்லுவ." குரல் உடைந்தது. "எங்கண்ணன் குடல் எறக்கத்துக்குப் படுத்தான். சின்ன ஆபரேசன், சாயந்தரம் வூட்டுக்குப் போலாம்னாங்க. சாயந்தரம் வூட்டுக்குத்தான் வந்தான், துணியில சுத்தி. எனக்கு இருக்கறது நீ ஒருத்திதான். உன்னை அந்த மேசையில ஏத்த மாட்டேன். அதுக்கு எனக்குத் தெரிஞ்ச வழி பழந்தான்."

பாசம்தான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் ஊட்டிய ஒவ்வொரு கதுப்பையும் நான் அன்பு என்று எண்ணி விழுங்கினேனே. முதல் தரம் என்று மகிழ்ந்தேனே. வீட்டுக்கு அடிபட்ட பழமே கொண்டுவந்த அந்த மனிதர் எனக்குத் துரோகம் செய்ததில்லை. இந்த மனிதரை எனக்குத் தெரியாது.

பையில் இரண்டு புடவை எடுத்துக்கொண்டேன். மதி வீட்டுக்குப் போகிறேன். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அவன் மாமா செய்ததை அவன் தெரிந்துகொள்ளட்டும்.

ஜூன் 10, செவ்வாய். டயாலிசிஸ் வார்டு

நேற்று அவன் தூங்கிவிட்டான், சொல்ல முடியவில்லை. இன்று கழுத்துக் குழாயை மாட்டி எந்திரம் ஓடத் தொடங்கியதும் சொன்னேன். எண்பத்தொன்று ஆனது, தாள், போட்டோ, பழம் எல்லாம். சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரம் கூடியது. பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். நான் குரலைத் தணிக்கவில்லை.

மதி கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். மாமாவைத் திட்டுவான், அழுவான், ஏதாவது செய்வான் என்று. அவன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

"மாமா பண்ணது எனக்குத் தெரியாதுக்கா" என்றான். "ஆனா நீ பலாச்சொளையும் மாம்பழமும் சாப்புடறேன்னு சொன்ன அன்னைக்கே, இது நடக்காதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏண்டா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே!"

ரேணுகா எழுந்து வெளியே போனாள்.

"எந்தப் பழத்துல என்ன இருக்குதுன்னு என்கிட்ட நாலு மணி நேரம் உக்காந்து கேட்டவ நீ. உனக்குத் தெரியாம இருக்கும்னு நான் நெனைக்கல. வேணாம்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாம, பழத்தத் தின்னு சொல்றேன்னு நெனச்சேன்."

எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"உன்மேல கோவமில்லக்கா. எனக்கா இருந்தாலும் பயமாத்தான் இருக்கும். அதான் நல்லா சாப்புடுன்னேன். நீ சங்கடப்படக் கூடாதுல்ல."

மே 15இலிருந்து இன்றுவரை இருபத்தாறு நாள். இருபத்தாறு நாள் என் தம்பி நான் அவனைக் கைவிட்டுவிட்டேன் என்று நினைத்தபடி அந்தக் குழாயோடு படுத்திருக்கிறான். நான் வந்தால் சிரித்திருக்கிறான். காபியில் தனக்குரிய பங்கை எனக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறான்.

"பொய்டா அது. எனக்குத் தெரியவே தெரியாது" என்றேன். அவன் தலையாட்டினான். நம்பினானா என்று கேட்கத் தைரியம் இல்லை.

ஜூன் 11, புதன். மதி வீடு

பள்ளிக்கு விடுப்பு. ஜெராக்ஸ் கடை இப்போது ரேணுகா கையில், அங்கே போய்விட்டாள். மதி உறங்குகிறான். நோட்டை முதலிலிருந்து படித்தேன்.

அன்று அந்தத் தாளை உரக்க வாசித்தவள் நான்தான். மேடம் என்னைத்தான் வாசிக்கச் சொன்னார். மாம்பழம் ஒரு கதுப்பு என்று என் வாய்தான் சொன்னது. பொடி எழுத்து என்று எழுதியிருக்கிறேன். கழுத்து டிசைனில் அரை அங்குல வித்தியாசம் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அது என்ன பொடி எழுத்து? படம் எடுத்து அனுப்புவது ஒத்துவராது என்று எழுதிய அதே நாளில் பதினோரு படம் அனுப்பியிருக்கிறேன். ஏழு எண்ணை அழுத்திவிட்டு மூன்றை அழுத்தவில்லை. டேப் புளுகாது என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் ஒரு கதுப்பு.

அவர் எனக்குத் துரோகம் செய்தார். அதை மாற்றி எழுத மாட்டேன், மன்னிக்கவும் இல்லை. ஆனால் அவர் தட்டைத்தான் நீட்டினார். தாளைத் திருப்பிக் கேட்க எனக்கு ஏழு வாரம் இருந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த நோட்டில் இதை எழுதுவது இதுதான் முதல் முறை. அந்த மேஜையில் படுக்க வேண்டுமே என்று பயம். திரும்பி எழுந்திருக்க மாட்டேனோ என்று பயம். எழுந்தாலும் ஒரு பக்கம் காலியாக வாழ வேண்டுமே என்று பயம். மதியிடம் இதைச் சொல்லியிருந்தால் அவன் கையைப் பிடித்திருப்பான். அதற்குப் பதில் அவனுக்கு எதிரில் உட்கார்ந்து மாம்பழம் தின்றேன்.

பயந்தால் என்ன? பயத்தோடு படுத்தால் வெட்ட முடியாது என்று டாக்டர் சொல்லவில்லை. 74 என்றுதான் சொன்னார்.

பத்து மணிக்கு இவர் வந்தார். உள்ளே வரவில்லை, வாசலில் நின்று ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். ஒரே ஒரு மாம்பழம், ஒரு பக்கம் நசுங்கி, கறுத்து.

"இதான் இருந்துச்சு" என்றார்.

வாங்கவில்லை. "செப்டம்பர்ல மறுபடி கையெழுத்துக் கேப்பாங்க. போட முடியும்னா வாங்க. முடியலைன்னா முடியலைன்னு அங்கயே சொல்லுங்க" என்றேன். பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார்.

காலை: வெள்ளரிக்காய் ஒன்று, வேகவைத்த பீன்ஸ் ஒரு கிண்ணம், மோர். நடை: அம்மாப்பேட்டைக் கடைவீதி வரை போய்த் திரும்பினேன், முக்கால் மணி நேரம். மாம்பழம்: இல்லை. எடை: 81.2.

மதி விழித்ததும் நோட்டை அவன் கையில் கொடுத்தேன். மே 15ஐயும் படித்தான், மே 26ஐயும் படித்தான். இந்தப் பக்கத்துக்கு வந்ததும் அதிலேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு குழாய் இல்லாத பக்கமாகத் தலையைத் திருப்பி, "லைட்டு போடுக்கா, படம் தெளிவா விழணும்" என்றான்.

முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக நானே எடுத்து, மேடத்துக்கு நானே அனுப்பினேன். எல்லாமாக ஆறு நிமிடம் ஆயிற்று.